பழைய காரில் ஒளிந்துகொள்ளும் கரன்ட் கோளாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மெக்கானிக் இல்லை. 1990-களில் வந்த கார்புரேட்டர் கார் ஒன்றை இருபது வருடமாக ஓட்டிக்கொண்டிருப்பவன். அதன் வயரிங்கோடு மல்லுக்கட்டியே கொஞ்சம் கற்றுக்கொண்டேன். பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்கள், அவர்களுடைய மச்சான்கள், பெட்ரோல் பங்கில் பானட்டைத் திறந்ததும் பக்கத்தில் வந்து நிற்பவர்கள் என்று எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். அவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைச் சேர்த்திருக்கிறேன்.

12 வோல்ட் பேட்டரி, மைனஸ் பக்கம் எர்த் (அதாவது வண்டியின் பாடியோடு இணைந்த பக்கம்) என்று வைத்துக்கொண்டு எழுதியது இது. 1960-கள் வரை வந்த பல பிரிட்டிஷ் வண்டிகளில் ப்ளஸ்தான் எர்த். அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால் ப்ளஸ், மைனஸை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

"நாலு நாள் எடுக்கலைன்னா பேட்டரி டவுன் ஆயிடுது. பேட்டரி போச்சா, இல்ல வண்டியில கோளாறா?"

இதைக் கண்டுபிடிக்கக் காசே செலவாகாது. பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, சில மணி நேரம் ஆறவிட்டு வோல்ட் பாருங்கள். நல்ல பேட்டரி 12.6-ஐ ஒட்டிக் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. இப்போது மைனஸ் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டு, அதே நாலு நாள் கழித்து மறுபடி பாருங்கள். வோல்ட் அப்படியே நின்றால் பேட்டரி நல்லது, வண்டிதான் குடிக்கிறது. கழற்றி வைத்தும் இறங்கினால் பேட்டரிதான் போயிருக்கிறது.

மூன்றாவதாக ஒன்று உண்டு: சார்ஜே ஏறாமல் இருப்பது. என்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வர வேண்டும். 12.5-லேயே நின்றால், என்ஜின் சுழற்ற பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் பக்கம் போங்கள். (நம் ஊர்க் கடைகளில் அதையும் டைனமோ என்றுதான் சொல்வார்கள், நிஜ டைனமோ பற்றிக் கீழே வருகிறது.) 15-க்கு மேலே போனால் அந்த வோல்ட்டை அளவில் நிறுத்தும் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது, பேட்டரி தண்ணீர் சீக்கிரம் வற்றுவதற்கும் பல்புகள் அடிக்கடி போவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

"இதுக்கெல்லாம் என்ன வாங்கணும்? ஸ்கேனர் வேணுமா?"

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று. டெஸ்ட் லேம்ப் ஒன்று: பழைய இண்டிகேட்டர் பல்பு, அதற்கு ஒரு ஹோல்டர், இரண்டு கம்பி, நுனியில் முதலை வாய் கிளிப். அப்புறம் ஐந்து மீட்டர் கம்பி, உப்புத்தாள், பெயின்டரிடம் கேட்டு வாங்கிய தேய்ந்த வயர் பிரஷ். என் டூல் பெட்டியில் இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

என் வண்டி மாதிரி கம்ப்யூட்டரே இல்லாத கார்புரேட்டர் வண்டியில் ஸ்கேனரைச் செருக இடமே கிடையாது. இன்ஜெக்‌ஷன் வண்டியாக இருந்தாலும், அந்தக் கம்ப்யூட்டர் கவனிக்கும் பாகங்களைப் பற்றித்தான் ஸ்கேனர் பேசும். டிக்கி விளக்கு அணையாமல் எரிவது அதற்குத் தெரியாது.

"12 வோல்ட் தானே, கையில ஷாக் அடிக்காதுல்ல?"

ஷாக் அடிக்காது, சுட்டுவிடும். பேட்டரியின் ப்ளஸ்ஸையும் பாடியையும் ஒரே நேரத்தில் ஒரு ஸ்பேனர் தொட்டால், அது பழுக்கக் காய்ந்து அங்கேயே ஒட்டிக்கொள்ளும். விரலில் மோதிரம் இருந்து அது தொட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மோதிரம், வாட்ச், கைச்சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கழற்றும்போது எர்த் கம்பி முதலில், மாட்டும்போது அது கடைசியில்.

சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது. பெட்ரோல் வாசனை வரும் வண்டியில் முதலில் அந்தக் கசிவை நிறுத்துங்கள், கரன்ட் வேலை அப்புறம். ஸ்பார்க் பிளக்குக்குப் பொறி கொடுக்கும் இக்னிஷன் காயிலின் தடித்த கம்பியில் ஓடுவது பல ஆயிரம் வோல்ட், அது நிஜமாகவே அடிக்கும். ஏர்பேக் உள்ள வண்டியில் மஞ்சள் உறையோ மஞ்சள் கனெக்டரோ இருந்தால் அதில் மீட்டரையும் வைக்காதீர்கள், டெஸ்ட் லேம்பையும் வைக்காதீர்கள்.

"வண்டி எவ்வளவு கரன்ட் குடிக்குதுன்னு பார்க்கப் போனேன், மீட்டர் செத்துடுச்சு. என்ன தப்பு பண்ணினேன்?"

வோல்ட் பார்ப்பது போல மீட்டரை ப்ளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் வைத்திருப்பீர்கள். ஆம்பியர் பார்க்கும்போது மீட்டர் வெறும் கம்பி மாதிரி. பேட்டரியின் இரண்டு முனைக்கும் நடுவே வைத்தால் ஷார்ட்தான். அதைக் கம்பி வழியில் குறுக்கே கோக்க வேண்டும். எல்லாவற்றையும் அணைத்து, சாவியை எடுத்து, மைனஸ் கம்பியைக் கழற்றுங்கள். சிவப்பு முள்ளை 10 ஆம்பியர் துளையில் குத்தி, மீட்டரின் ஒரு முனையைக் கழற்றிய கம்பியிலும் மறு முனையை பேட்டரியின் மைனஸ் முனையிலும் வையுங்கள். வண்டியின் மொத்தக் கரன்ட்டும் இப்போது மீட்டர் வழியாகத்தான் போயாக வேண்டும்.

மீட்டருக்கு முன்னால் அதே இடத்தில் டெஸ்ட் லேம்பை வைத்துப் பார்ப்பது என் பழக்கம். பல்பு பளிச்சென்று எரிந்தால் பெரிய கரன்ட் ஓடுகிறது, மீட்டரை வைக்க வேண்டாம். எரியாமலோ லேசாகக் கனன்றோ இருந்தால் மீட்டரைத் தைரியமாக வைக்கலாம். கதவு திறந்திருந்தால் கூரை விளக்கும் கணக்கில் வந்துவிடும். அந்த விளக்கை எரியவிடும் கதவு சுவிட்சை, கதவு மூடியிருப்பது போல அமுக்கி வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் கோத்திருக்கும்போது மறந்தும் சாவியைத் திருப்பாதீர்கள். செல்ஃப் (என்ஜினைச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் மோட்டார்) இழுப்பது நூறு ஆம்பியருக்கு மேல். வேலை முடிந்ததும் சிவப்பு முள்ளை வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். என் முதல் மீட்டர் அதை மறந்ததால்தான் போனது.

"எவ்வளவு இழுத்தா சரி? என் வண்டி 0.03 காட்டுது."

0.03 ஆம்பியர், அதாவது 30 மில்லி ஆம்பியர், சரிதான். கடிகாரமும் ரேடியோவின் நினைவும் அவ்வளவு குடிக்கும். 50-க்கு மேல் போனால் தேட ஆரம்பிக்கலாம். கம்ப்யூட்டர் உள்ள வண்டியில் உடனே பார்க்காதீர்கள். அவை தூங்கப் போக அரை மணி நேரம், சிலவற்றில் ஒரு மணி நேரம்கூட ஆகும்.

சின்ன கார் பேட்டரி 35 ஆம்பியர் மணி, அதாவது 1 ஆம்பியரை 35 மணி நேரம் கொடுக்கும் என்று வையுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஒரு நாளைக்கு 0.7 ஆம்பியர் மணியைத் தின்னும். ஒரு மாதம் ஊருக்குப் போய்விட்டு வந்தால், கோளாறே இல்லாத வண்டியும் ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். 5 வாட் டிக்கி விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தால் 0.4 ஆம்பியர், ஒரு நாளில் 10 ஆம்பியர் மணி. இரண்டாம் நாள் ராத்திரி செல்ஃப் முனகும். உங்கள் பேட்டரி எத்தனை நாளில் இறங்குகிறது என்பதை வைத்தே, தேட வேண்டியது கடிகாரம் மாதிரியா பல்பு மாதிரியா என்று ஊகித்துவிடலாம்.

டிக்கி விளக்கு மூடிய பிறகும் எரிகிறதா என்று பார்க்க யாரையும் உள்ளே உட்கார வைக்க வேண்டாம். போனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடுங்கள்.

"எந்த வழியில போகுதுன்னு எப்படிப் பிடிக்கிறது?"

மீட்டர் கோத்தபடியே இருக்கட்டும். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் சட்டென்று விழுகிறதோ, கோளாறு அந்த ஃபியூஸுக்குப் பின்னால். அந்த ஃபியூஸ் எதெதற்கெல்லாம் கரன்ட் கொடுக்கிறது என்று பார்த்து ஒவ்வொரு பாகமாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள்.

கத்தி ஃபியூஸ் உள்ள வண்டியில் பிடுங்காமலும் பார்க்கலாம். ஃபியூஸின் தலையில் இரண்டு உலோகப் புள்ளிகள் தெரியும். மைனஸ் கம்பியைத் திரும்ப மாட்டி, சிவப்பு முள்ளை வோல்ட் துளைக்கு மாற்றி, மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து அந்த இரண்டையும் தொடுங்கள். கரன்ட் ஓடாத ஃபியூஸ் பூஜ்யம் காட்டும், ஓடுகிற ஃபியூஸில் சின்னதாக ஒரு எண் வரும். பிடுங்கி மாட்டும் அதிர்ச்சியில் கோளாறு தானாக ஒளிந்துகொள்ளும் வண்டிகளுக்கு இதுதான் நல்ல வழி.

"எல்லா ஃபியூஸையும் பிடுங்கிட்டேன். இன்னும் இழுக்குது!"

அப்படியென்றால் ஃபியூஸ் பெட்டியைத் தொடாமல் பேட்டரியிலிருந்து நேராகப் போகும் ஏதோ ஒன்று. பின்னால் சேர்த்தவைதான் என் முதல் சந்தேகம்: ஆம்ப்ளிஃபயர், சென்ட்ரல் லாக், அலாரம், ரிவர்ஸ் மியூசிக், இரட்டை ஹாரன். கம்பெனி போட்ட வயரிங் முப்பது வருடம் தாங்கும். கடையில் அரை மணி நேரத்தில் முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட் அப்படித் தாங்காது. பேட்டரி ப்ளஸ்ஸில் இருந்து கிளம்பும் ஒவ்வொரு கம்பியையும் கையால் பிடித்துக்கொண்டே போய், அது எங்கே முடிகிறது என்று பாருங்கள்.

அடுத்து ஆல்டர்னேட்டர். அதன் தடித்த கம்பியைக் கழற்றும்போது மீட்டர் எண் விழுந்தால் உள்ளே டயோடு (கரன்ட்டை ஒரே பக்கம் மட்டும் விடும் பாகம்) கசிகிறது. (எர்த் கழன்றிருக்கும்போதுதான் அந்தக் கம்பியைக் கழற்றி நுனியில் டேப் சுற்ற வேண்டும், அப்புறம் மீட்டர்.) இன்னொரு அடையாளம்: என்ஜின் ஓட, ஹெட்லைட் எரிய, மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து பேட்டரியைத் தொட்டால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டும். மலிவு மீட்டர் சில, ஏசியில் வைத்து பேட்டரியைத் தொட்டாலே இருபதுக்கு மேல் ஏதாவது உளறும். முள்ளை மாற்றி வைத்தும் ஒரு தடவை பாருங்கள்.

நிஜ டைனமோ உள்ள பழைய அம்பாசடர் காலத்து வண்டி என்றால் கட்-அவுட்டை, அதாவது என்ஜின் நின்றதும் டைனமோவை பேட்டரியிலிருந்து துண்டிக்கும் சுவிட்சைப் பாருங்கள். அதன் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால், என்ஜின் நின்ற பிறகும் பேட்டரி டைனமோவுக்குள் திரும்பிப் பாயும். டைனமோ தன்னை மோட்டார் என்று நினைத்துக்கொண்டு சுற்றப் பார்க்கும். ஒரே ராத்திரியில் பேட்டரி காலி, டைனமோவும் சுடும்.

"இண்டிகேட்டர் போட்டா பார்க் லைட்டும் சேர்ந்து மினுக்குது. பிரேக் மிதிச்சா டேஷ்போர்டு லைட் எரியுது. பேய் பிடிச்ச மாதிரி இருக்கு சார்."

பேய் இல்லை, எர்த். பல்புக்குள் போன கரன்ட் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். பின் விளக்கின் எர்த் திருகில் துரு ஏறி அந்த வழி அடைத்துவிட்டால், கரன்ட் சும்மா இருக்காது. பக்கத்துப் பல்பின் இழை வழியாகப் புகுந்து வேறு இடத்தில் எர்த் தேடும். 21/5 வாட் இரட்டை இழைப் பல்பில் இது ரொம்ப சுலபம். அதனால்தான் சம்பந்தமே இல்லாத விளக்கு எரிகிறது.

சம்பந்தமில்லாத இரண்டு பொருள் ஒன்றாக நடந்துகொண்டால், இரண்டுக்கும் பொதுவான எர்த் எங்கே என்று கேளுங்கள். சந்தேகம் தீர, பேட்டரி மைனஸில் இருந்து அந்த ஐந்து மீட்டர் கம்பியை இழுத்து விளக்கின் எர்த்தில் தொடுங்கள். பேய் உடனே இறங்கிவிடும். அப்புறம் திருகைக் கழற்றி, பெயின்ட் போகப் பளபளவென்று தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினால் முடிந்தது.

"எர்த்தை பீப் வெச்சுப் பார்த்துட்டேன், நல்லாத்தான் இருக்கு. ஆனாலும் செல்ஃப் சுத்த மாட்டேங்குது."

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். இங்கேதான் நானும் ரொம்ப நாள் ஏமாந்தேன். பீப் சோதனையில் (வழி அறுபடாமல் இருந்தால் மீட்டர் பீப் அடிக்கும்) மீட்டர் அனுப்புவது மிகச் சின்னக் கரன்ட். நூறு இழை உள்ள கம்பியில் 99 அறுந்து ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தாலும் பீப் அடிக்கும். செல்ஃபுக்கு 150 ஆம்பியர் வேண்டும். வழியில் 0.01 ஓம் தடை இருந்தால் போதும், ஒன்றரை வோல்ட் அங்கேயே காணாமல் போகும். அந்த 0.01 ஓமை உங்கள் மீட்டரால் பார்க்கவே முடியாது.

வோல்ட் சோதனையும் இப்படி ஏமாற்றும். களிம்பு பிடித்த ஜாயிண்டுக்கு அப்பால் மீட்டரை வைத்தால் 12 வோல்ட் என்று நல்ல பிள்ளையாகக் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரன்ட் எதையும் கேட்பதில்லை. அதே இடத்தில் டெஸ்ட் லேம்பை வைத்தால் எரியாது. ஆகவே வேலை நடந்துகொண்டிருக்கும்போதுதான் அளக்க வேண்டும்: விளக்கு எரியும்போது, செல்ஃப் சுற்றும்போது, ஹாரன் அடிக்கும்போது.

என் வண்டியில் ஒரு தடவை செல்ஃப் மெதுவாகச் சுற்றியது. சோக்கை இழுக்கப் போனால் குமிழ் கை வைக்க முடியாமல் சுட்டது. என்ஜினையும் பாடியையும் இணைக்கும் பின்னல் எர்த் பட்டை அறுந்து, செல்ஃபின் கரன்ட் முழுக்கச் சோக் கேபிள் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. என்ஜின் ஆட்டத்தில் பட்டை தொட்டும் தொடாமலும் இருந்ததால் பீப் மட்டும் ஒழுங்காக அடித்தது. சோக், கிளட்ச், ஆக்சிலரேட்டர் கேபிளில் ஏதாவது சுட்டால், வேறு எதையும் பார்ப்பதற்கு முன் அந்தப் பட்டையைப் பாருங்கள்.

"அப்போ வேலை நடக்கும்போது எப்படி அளக்கிறது?"

வோல்ட் துளையில் வைத்த மீட்டரின் ஒரு முனை பேட்டரி மைனஸின் ஈயக் கட்டையில், அதைக் கவ்வும் கிளாம்பில் வேண்டாம். மறு முனை என்ஜின் பிளாக்கின் சுத்தமான ஒரு போல்ட்டில். காயிலுக்குப் போகும் சின்னக் கம்பியைப் பிடுங்கி, வண்டி ஸ்டார்ட் ஆகாமல் செய்துவிட்டு, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட் வரை பரவாயில்லை. 1 வோல்ட் காட்டினால் எர்த் வழியில் கொள்ளை போகிறது. அதே மாதிரி பேட்டரி ப்ளஸ் கட்டைக்கும் செல்ஃபின் தடித்த முனைக்கும் நடுவே அளந்தால் ப்ளஸ் பக்கம் தெரிந்துவிடும். அங்கே அரை வோல்ட் வரை பொறுக்கலாம்.

எங்கே கொள்ளை போகிறது என்று பார்க்க, முள்ளை ஒவ்வொரு ஜாயிண்டாக நகர்த்துங்கள்: கட்டையில் இருந்து கிளாம்ப், கிளாம்பில் இருந்து கம்பி, கம்பியில் இருந்து போல்ட். பெரும்பாலும் கட்டைக்கும் கிளாம்புக்கும் நடுவிலேயே மாட்டிக்கொள்ளும். டெர்மினல் பூத்திருந்தால் வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றிக் கழுவி, தேய்த்து, இறுக்கி, வாசலின் தடவுங்கள். சோடா தண்ணீர் பேட்டரிக்குள் மட்டும் போகக் கூடாது.

"ஹெட்லைட் மங்கலா இருக்கு. பெரிய வாட் பல்பு போட்டுடலாமா?"

போடாதீர்கள். எரியும்போது பல்பின் பின்னாலேயே அளந்து பாருங்கள். பேட்டரியில் 12.5 இருக்க, பல்பில் 11.2 வந்தால் பல்பு பாவம் என்ன செய்யும்? வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறையும். பழைய வண்டி பலவற்றில் இரண்டு ஹெட்லைட்டின் 10 ஆம்பியரும் ஸ்டியரிங் பக்கத்து சுவிட்ச் வழியாகத்தான் போய் வருகிறது. பெரிய பல்பு போட்டால் அந்த சுவிட்ச் உருகும். முன்னால் ஒரு ரிலே (சின்னக் கரன்ட்டால் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) வைத்து, பேட்டரியில் இருந்து ஃபியூஸோடு புதுக் கம்பி கொடுத்தால் பழைய பல்பே கண்ணைக் கூசும்.

"ஒரே ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகுது. கொஞ்சம் பெருசா போட்டா நிக்குமே?"

நிற்கும், கம்பி எரியும். ஃபியூஸ் காப்பாற்றுவது கம்பியை. சிகரெட் பெட்டித் தகடு, ஒற்றைச் செம்பு இழை எல்லாம் அதே கதைதான். கண்ணாடிக் குழாய் ஃபியூஸ் உள்ள பழைய பிரிட்டிஷ் வழி வண்டிக்காரர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: லூகாஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி ஃபியூஸில் 35 என்று போட்டிருந்தால் அது உருகும் அளவு, தொடர்ந்து தாங்குவது 17.5 ஆம்பியர்தான். அதன் இடத்தில் இந்தக் கால 35 ஆம்பியர் ஃபியூஸைப் போட்டால் இரண்டு மடங்கு போட்ட மாதிரி.

ஷார்ட்டைத் தேட ஃபியூஸ்களை எரித்துக்கொண்டிருக்க வேண்டாம். போன ஃபியூஸின் இடத்தில் ஒரு பழைய ஹெட்லைட் பல்பைக் கோத்துவிடுங்கள். ஷார்ட் இருக்கும் வரை பல்பு முழுசாக எரியும். அதற்கு மேல் கரன்ட் போகாததால் கம்பியும் பிழைக்கும். இப்போது ஒவ்வொரு கனெக்டராகக் கழற்றுங்கள், கம்பிக்கட்டை அங்கங்கே பிடித்து அசையுங்கள். எங்கே கை வைக்கும்போது பல்பு அணைகிறதோ, ஆள் அங்கேதான் இருக்கிறார். தகட்டுத் துளையில் ரப்பர் வளையம் உதிர்ந்து கம்பி உரசும் இடம், சீட்டின் தண்டவாளத்துக்கு அடியில் நசுங்கிய இடம், டிக்கி மூடியின் கீல் என்று இந்த மூன்றையும் முதலில் பாருங்கள்.

"கதவு ஸ்பீக்கர், பவர் விண்டோ ஒரு சமயம் வேலை செய்யுது, ஒரு சமயம் செய்யல."

கதவுக்கும் தூணுக்கும் நடுவே மடங்கும் ரப்பர் குழாயைப் பின்னுக்குத் தள்ளி, உள்ளே உள்ள கம்பிகளை ஒவ்வொன்றாக மெதுவாக இழுத்துப் பாருங்கள். நல்ல கம்பி விறைப்பாக நிற்கும். உள்ளே செம்பு அறுந்த கம்பி ரப்பர் பேண்ட் மாதிரி நீளும்.

"வயரிங் படமே இல்ல. எந்தக் கம்பி எங்க போகுதுன்னு எப்படித் தெரியும்?"

அம்பாசடர் போலப் பிரிட்டிஷ் வழி வந்த வண்டிகளில் நிறத்துக்கு ஒரு மொழி உண்டு. பழுப்பு எப்போதும் லைவ். வெள்ளை, சாவி போட்டால் லைவ். பச்சை, சாவி போட்ட பிறகு ஃபியூஸ் வழியாக. கறுப்பு எர்த், நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க் லைட். மேலே ஓடும் மெல்லிய கோடு அது எந்தக் கிளை என்று சொல்லும். ஜப்பானிய வழி வண்டிகளுக்கு இது பொருந்தாது. அங்கே நீங்களே ஒரு நோட்டில் வரைந்துகொள்ள வேண்டியதுதான். அவிழ்ப்பதற்கு முன் போனில் படம் எடுங்கள்.

படம் இல்லாவிட்டாலும் பாதியில் வெட்டித் தேடலாம். ஃபியூஸ் பெட்டியில் இருந்து பின் விளக்கு வரை நாலு கனெக்டர் என்றால், முதல் கனெக்டரில் ஆரம்பிக்காமல் நடுவில் உள்ளதில் டெஸ்ட் லேம்பை வையுங்கள். எரிந்தால் கோளாறு பின் பாதியில், எரியாவிட்டால் முன் பாதியில். இப்படி இரண்டு மூன்று தடவையில் முடிந்துவிடும். கம்பெனிக்காரன் சுற்றிய டேப்பை மொத்தமாகப் பிரிக்க வேண்டி வராது.

"எலி கடிச்சிருக்குமோ? மேல பார்த்தா ஒண்ணும் தெரியல."

மேலே தெரியாது. ஏர் ஃபில்டருக்குப் பின்னால், பேட்டரித் தட்டுக்கு அடியில், டேஷ்போர்டின் உள்மூலையில் விளக்கடித்துப் பாருங்கள். புழுக்கை, பஞ்சு, கொய்யாத் துண்டு ஏதாவது கிடந்தால் கம்பிக்கட்டின் அடிப்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே போங்கள். பல் பட்ட இடம் கண்ணுக்கு முன் விரலுக்குத் தெரியும். தோல் மட்டும் போயிருந்தால் வெயிலில் ஒன்றும் ஆகாது, மழையிலும் பள்ளத்திலும்தான் ஆட்டம் காட்டும்.

புகையிலை கட்டித் தொங்கவிடுவது, நாப்தலின் உருண்டை போடுவது இரண்டையும் செய்திருக்கிறேன். புகையிலைக்குப் பக்கத்திலேயே கூடு கட்டியிருந்தது. ராத்திரி பானட்டைத் திறந்து வைப்பதுதான் எனக்குக் கொஞ்சம் பலித்தது.

"கம்பியைச் சீவினா உள்ள கறுப்பா இருக்கு. அப்படியே முறுக்கி டேப் சுத்திடலாமா?"

கூடாது. கறுப்பு, பச்சைக் களிம்பு இரண்டும் தோலுக்குள் தண்ணீர் ஏறியதற்கு அடையாளம். பளபளப்பான செம்பு வரும் வரை வெட்டிக்கொண்டே போய், அதே தடிமனுள்ள புதுக் கம்பியைச் சேருங்கள். ஸ்லீவ் போட்டு நசுக்கி, மேலே சூட்டில் சுருங்கும் குழாயை மாட்டுவது நல்லது. ஈயம் வைத்துப் பற்றவைத்தால், ஈயம் ஊறிய இடம் விறைத்துப்போய் ஆட்டத்தில் அதன் ஓரத்தில் ஒடியும். அசையாத இடத்தில் மட்டும் பற்றவையுங்கள். இன்சுலேஷன் டேப்பின் பசை நம் ஊர் வெயிலில் ஒரே கோடையில் கரைந்து வழிந்துவிடும்.

"பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் ஜோடியா ஏறி இறங்குது. என்ஜின் சூடாகலை."

மேலே பேய்க் கேள்வியில் சொன்ன அதே சந்தேகம்: இரண்டுக்கும் பொதுவானது எது? மீட்டர் பலகையின் எர்த். பிரிட்டிஷ் வழிப் பழைய வண்டியாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. பலகைக்குப் பின்னால் விரல் நுனி அளவில் ஒரு தகரப் பெட்டி, வோல்ட்டைச் சராசரியாக 10-ல் நிறுத்தி இரண்டு முள்ளுக்கும் கொடுக்கும். அந்தப் பெட்டியின் எர்த் போனால் முழு வோல்ட்டும் பாய்ந்து இரண்டும் மேலே ஏறும். திருகை இறுக்கினாலே பாதி வண்டியில் சரியாகிவிடும்.

"ஓடிட்டிருக்கும்போது பட்டுனு நின்னுடுது. பத்து நிமிஷம் கழிச்சு ஒண்ணும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது. கடைக்கு எடுத்துட்டுப் போனா நல்லா ஓடுது."

கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. இல்லாத கோளாறை யார் பார்ப்பது? சாட்சியை வண்டியிலேயே ஏற்றிக்கொள்ள வேண்டும். ஒரு 5 வாட் பல்பை, இக்னிஷன் காயிலின் ப்ளஸ் முனையில் இருந்து ஃபியூஸோடு ஒரு கம்பி இழுத்து, டேஷ்போர்டில் கண்ணில் படும்படி ஒட்டிவிடுங்கள். மறு கம்பி எர்த்தில். வண்டி அடுத்த தடவை நிற்கும் அந்தக் கணத்தில் பல்பைப் பாருங்கள். பல்பும் அணைந்தால் காயிலுக்குக் கரன்ட் வரவில்லை: சாவி சுவிட்ச், கனெக்டர், ஃபியூஸ் பெட்டி. பல்பு எரிந்துகொண்டே வண்டி நின்றால் அதுவரை வழி சரி. பொறியை உண்டாக்கும் காயில், கண்டன்சர், பாயிண்ட் இவற்றைப் பாருங்கள், அல்லது இது கரன்ட் கோளாறே இல்லை, பெட்ரோல். சூட்டில் செத்து ஆறினால் பிழைக்கும் காயில் நிறைய உண்டு.

சாவி சுவிட்ச் என்று வந்தால் உங்கள் சாவிக்கொத்தை ஒரு தடவை தூக்கிப் பாருங்கள். வீடு, பீரோ, கடை, கோயில் உண்டியல் சாவி வரை அதில் தொங்கினால், சுவிட்ச் தேயாமல் என்ன செய்யும்?

"பேசாம மொத்த வயரிங்கையும் மாத்திட்டா?"

கம்பியின் தோல் வளைத்தால் பொரிந்து உதிரும் வண்டி என்றால் மாற்றுங்கள். மற்றபடி வேண்டாம். ஒரு கோளாறைத் தேட முடியாமல் முழு வயரிங்கை மாற்றுகிறவர் இருநூறு புது ஜாயிண்டுகளை வண்டிக்குள் கொண்டுவருகிறார். பழைய சுவிட்சும் பழைய எர்த் திருகும் அப்படியே இருக்கும். கோளாறு அங்கே இருந்திருந்தால் அதுவும் அப்படியே இருக்கும்.

"மீட்டர் வெச்சா 20 மில்லி ஆம்பியர்தான். ஆனா பத்து நாளைக்கு ஒரு தடவை காலையில பேட்டரி சுத்தமா செத்துக் கிடக்கு. இதுக்கு என்ன பண்ண?"

இருப்பதிலேயே கஷ்டமான கேள்வி இதுதான். எனக்கே நடந்ததால் பதிலைக் கதையாகத்தான் சொல்ல முடியும். பேட்டரி மாற்றினேன். ஒரு கடையில் ஆல்டர்னேட்டரைப் பிரித்துக் கட்டினார்கள். மேலே சொன்ன எல்லாச் சோதனையும் செய்தேன், எல்லாம் சரி. மூன்று மாதம் இப்படியே போனது. ஒரு காலை பால்காரர் கேட்டார்: "சார், உங்க வண்டிக்குப் பின்னாடி சுவர் சிவப்பா இருந்துச்சே, ராத்திரியெல்லாம் எதுக்கு லைட் எரியுது?"

பிரேக் விளக்கு. வண்டியைச் சுவர் பார்த்து ரிவர்ஸில் விடுவது என் வழக்கம், பின்பக்கம் யாருக்கும் தெரியாது. 21 வாட் பல்பு இரண்டு, மூன்றரை ஆம்பியர், பத்து மணி நேரம்: 35 ஆம்பியர் மணி பேட்டரி மொத்தமும் காலி. முதலிலேயே இந்தக் கணக்கைப் போட்டிருந்தால், ஒரே ராத்திரியில் காலி செய்வது கடிகாரமோ ரேடியோவோ இல்லை, பெரிய பல்பு என்று தெரிந்திருக்கும். பிரேக் பெடல் மேலே வந்து நிற்கும்போது சுவிட்சின் முனையை அமுக்க, பெடல் கையில் ஒரு சின்ன ரப்பர் கட்டை உண்டு. அது பொடிந்து பாதிதான் மிச்சம். பெடல் நேராக வந்து நின்றால் சுவிட்ச் அமுங்கும், கொஞ்சம் சாய்ந்து நின்றால் முனை ஓட்டைக்குள் போய்விடும், விளக்கு எரியும். மீட்டர் வைக்கக் குனிந்த நாளில் எல்லாம் பெடல் நேராக நின்றிருக்கிறது.

ஆகவே சில நாளில் மட்டும் வரும் கோளாறு என்றால், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு விளக்கு எதுவும் இல்லாமல் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். கண்ணாடி வழியாக உள்ளே பாருங்கள். ரிலேக்களை, ஆம்ப்ளிஃபயரைத் தொட்டுப் பாருங்கள், எது வெதுவெதுப்பாக இருக்கிறது என்று. என் வண்டியில் அந்த ரப்பர் கட்டையின் துணுக்குகள் டிரைவர் பக்கத்து மிதியடியில்தான் உதிர்ந்து கிடந்தன. பிஸ்கட் தூள் என்று நினைத்து வாரா வாரம் உதறிப் போட்டுக்கொண்டிருந்தேன்.